மஞ்சள் குளிகை

புந்தா அரீனாஸில் ஜூலை.
பத்து மணிக்குத்தான் விடிகிறது.
தெருமுனையில் நகராட்சி கட்டியிருக்கும்
கயிற்றைப் பிடித்தபடி வேலைக்கு வருகிறேன்.
விட்டால் காற்று என்னை நீரிணையில் போட்டுவிடும்.

நிலத்தடியில் என் மருந்தறை.
ஜன்னல் கிடையாது.
குளிர்பெட்டி, தராசு, பூட்டிய அலமாரி ஒன்று.
அதன் சாவி என் கழுத்தில்.

ஆய்வின் ஏற்பாடு இப்படி:
எல்லோருக்கும் வெள்ளை மாத்திரை.
தன்னையே படியெடுக்கும் வைரஸின்
கையைப் பிடிக்கும் அது.
கூடவே மஞ்சள் குளிகை;
திருடனைத் தேடுகிறேன் பேர்வழி என்று
வீட்டையே கொளுத்தும் காவலர்களைக்
கொஞ்சம் உட்காரச் சொல்லும் மருந்து.
பாதிப் பேருக்கு.
மீதிப் பேருக்கும் அதே மஞ்சள், அதே பளபளப்பு,
உள்ளே சோளமாவு.

மருத்துவர் விலாஹோவிச்சுக்குக் கண்கட்டு.
செவிலியருக்கும் கண்கட்டு.
படுத்திருப்பவர், பாவம், அவருக்கும்.
எனக்கு மட்டும் கண்ணை அவிழ்த்துவிட்டு
வாயைக் கட்டிவிட்டார்கள்.

ஒன்பதாம் கட்டில் எலெயுதேரியோ பார்ரியா,
நண்டுப் படகுக்காரர், வயது அறுபத்தொன்று.
துறையில் எனக்கென்று
ஒரு கால் குறைந்த நண்டை எடுத்துவைத்துப்
பாதி விலைக்குத் தருபவர்.
நிமிடத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு.
விரலில் மாட்டிய கருவி எண்பத்தாறு என்கிறது,
எண்பத்தைந்து என்கிறது,
பிறகு எண் சொல்வதை விட்டு அலறுகிறது.

பதினொன்றில் நெவென்கா துராவிச்.
பூகோள ஆசிரியை, நாற்பத்து நான்கு.

கணினி காசு சுண்டியது. தாள் என்னிடம் வந்தது.
ஒன்பதுக்கு மாவு.
பதினொன்றுக்கு மருந்து.

அன்று குளிகை எண்ணும்போது
என் கை தானாக அடுத்த டப்பாவுக்குப் போனது.
தொடவில்லை. அப்படியே நின்றது.
எவ்வளவு நேரம் என்று குறித்துவைக்கவில்லை.
இந்த அறையில் நான் எழுதாமல் விட்ட
ஒரே அளவு அது.

பத்து நாள் உறையிலிட்டு ஒட்டினேன்.
மாடியில் அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள்.
உறை வாங்க வரும்போதெல்லாம்
செவிலி ரொமினா என் முகத்தைப் பார்ப்பாள்.
நான் லேபிளைப் பார்ப்பேன்.

ஆறாம் நாள் நெவென்கா எழுந்து உட்கார்ந்து
சூப் கேட்டாராம்.
எனக்குள் ஒருத்தி, பார்த்தாயா, என்றாள்.
எட்டாம் நாள் விடியாத காலையில்
காலில் உறைந்த இரத்தம் ஒன்று
நெஞ்சுவரை நடந்து போய்விட்டது.

நோய் செய்ததா, மருந்து செய்ததா,
படுத்தே கிடந்த கால் செய்ததா
என்று கேட்டு ஒரு படிவம்.
மூன்று கட்டங்கள்.
விலாஹோவிச் நான்காவதாக ஒன்றைப்
பேனாவால் வரைந்து
அதில் டிக் போட்டிருந்தார்.

பார்ரியா பிழைத்தார்.
செப்டம்பரில் என் கதவைத் தட்டினார்,
கையில் செய்தித்தாள் சுற்றிய நண்டு.
"எல்லாக் காலும் இருக்கு, எண்ணிப் பார்" என்றார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"என்னை மீட்டது அந்த மஞ்சள்தான்.
வெள்ளையைப் போட்டால் குமட்டும்.
மஞ்சள் இறங்கும்போதே
நெஞ்சில் ஒரு கதவு திறக்கும்.
போர்வெனீரில் என் மைத்துனன் இருமுகிறான்.
அதன் பெயரை இதில் எழுதிக் கொடு."

ஆய்வில் இன்னும் இருநூற்று நாற்பது பேர் பாக்கி.
இரண்டு ஒன்றைவிட மேலா என்று
அதுவரை யாரும் சொல்லக்கூடாது.
நானும் எனக்குள் சொல்லக்கூடாது.

சாவி கழுத்தில் சில்லென்றிருந்தது.
எழுதினேன்:
மைத்துனரை நாளைக் காலைப் படகிலேயே
இங்கே கூட்டிவாருங்கள்.

படிக்காமல் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
மேசைமேல், செய்தித்தாளுக்குள்,
நண்டு ஒரு காலை மட்டும்
மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தது.